ஊர் வேறு, சேரி வேறா?

2025 ஏப்பிரல் 29-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. சுடாலின் ஓர் அறிவிப்புச் செய்தார். 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களினின்றும் பொதுப் புழக்கத்தினின்றும் நீக்கப்படும் என்பதே அது. அச்சொல் தீண்டாமையின் குறியாகவும் வசைமொழியாகவும் ஆகிவிட்டதென்பது அதற்குக் காட்டப்பெற்ற கரணியம். அதனைக் கேட்ட தூயதமிழ் நெஞ்சங்கள் சிலவற்றில் வேறொரு மகிழ்ச்சியும் எழுந்திருக்கும்: ஓர் அயற்சொல் ஒழிந்தது என்று! அம்மகிழ்ச்சிக்கு இடமில்லை. அயற்சொல்லாய் இருந்தது அச்சொல்லின் குற்றமன்று. அதற்குமுன் அவ்விடத்தில் இருந்தது தூய தமிழ்ச்சொல்லே. அதன்மேலும் இதே கறைதான் படிந்திருந்தது. கறையைத் துடையாது சொல்லை மாற்றினர். சில பத்தாண்டுகளுக்குள் புதிய சொல்லும் பழைய சொல்லின் நிலைக்கே வந்து சேர்ந்தது.

'காலனி' என்பதன் பிறப்பைப் பார்த்தால் அதில் இழிவுக்கு இம்மியும் இடமில்லை. உழுதல், பண்படுத்தல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது அது. உழவர் குடியேறிய நிலத்தை உரோமர் 'கொலோனியா' என்றனர். செருமனியின் கொலோன் நகர் இன்றளவும் அப்பெயரையே தாங்கிப் பெருமையோடு நிற்கின்றது. பண்பாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரினின்று முளைத்ததே. பின்னாளில் ஐரோப்பிய வல்லரசுகள் பிறர் நாடுகளைப் பற்றிக்கொண்டபோது அதற்கு அடிமைநாடு என்னும் பொருள் ஏறியது. தமிழ்நாட்டிலோ, அரசு ஒடுக்கப்பட்டோர்க்குத் தொகுப்பு வீடுகள் கட்டி 'அரிசனக் காலனி' என்றும் 'ஆதிதிராவிடர் காலனி' என்றும் பலகை நட்டது. நாளடைவில் அடைமொழி உதிர்ந்தது. 'காலனி' மட்டும் நின்றது. அதே காலத்தில் நகரங்களில் வங்கி அலுவலர் காலனி, ஆசிரியர் காலனி, தொடர்வண்டி ஊழியர் காலனி என எத்தனையோ எழுந்தன. அங்குக் குடியிருந்தோர் எவரும் நாணவில்லை. அழைப்பிதழ்களில் அப்பெயரை அச்சிட்டுக் கொண்டனர். ஒரே சொல், ஒரே எழுத்துக்கூட்டு, ஒரே ஒலிப்பு. நகரத்தில் மதிப்பு, சிற்றூரில் வசை. "நீ ஊரா, காலனியா?" என்று பள்ளியில் ஒரு சிறுவன் மற்றொரு சிறுவனைக் கேட்கும்போது, கேட்பவன் முகவரியைக் கேட்கவில்லை என்பது இருவர்க்குமே தெரியும்.

இனி, அதற்கு முந்திய சொல்லைப் பார்ப்போம். சேர் என்னும் வினையடியாகப் பிறந்த செந்தமிழ்ச்சொல் சேரி. மக்கள் சேர்ந்து வாழுமிடம் என்பதன்றி அதற்கு வேறு பொருள் தொடக்கத்தில் இல்லை. மதுரைக்காஞ்சியில் பாணர் வாழ்ந்த பாண்சேரி உண்டு. கோவலனும் கண்ணகியும் மதுரை மதிற்புறத்தே தங்கிய புறஞ்சேரி, அறவோர் உறைந்த இடமாகச் சிலப்பதிகாரத்தில் பேசப்படுகின்றது. ஒரு காதைக்கே அது பெயராயிற்று. 10-ஆம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டும் கல்வெட்டு, அவ்வூரின் முப்பது குடும்புகளோடு பன்னிரண்டு சேரிகளையும் குறிக்கின்றது. உத்தரமேரூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம் என்பதை நினைவிற் கொள்க. பார்ப்பனர் ஊரின் பகுதிகளுக்கே சேரி என்று பெயர் இருந்தது! புதுச்சேரியும் வேளச்சேரியும் கேரளத்துத் தலைச்சேரியும் அப்பழம்பொருளை இன்றும் சுமந்து நிற்கின்றன. வேளச்சேரியில் ஒரு மனை வாங்கப் போகின்றவர் 'சேரி' என்னும் ஈற்றுக்காக விலையைக் குறைத்துக் கேட்க இயலுமா?

மொழிநூலார் மட்டுமன்றி யாப்பு நூலாரும் அச்சொல்லைப் போற்றியுள்ளனர். தொல்காப்பியச் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாகிய 'புலன்' என்பது, சேரிமொழியால் இயன்று, ஆராய வேண்டாது பொருள் தோன்ற அமைவது எனப்படுகின்றது. எல்லார்க்கும் விளங்கும் வழக்குமொழியே அங்குச் சேரிமொழி; அது செய்யுளுக்கு அழகு. இற்றைநாள் தமிழன் பிறனைப் பழிக்க வேண்டுமாயின் 'சேரிப்பேச்சு' என்கின்றான். 2023-ஆம் ஆண்டில் அச்சொல்லை இழிபொருளில் ஆண்டதுபற்றித் தமிழ்நாட்டில் ஒரு பெரும்பூசலே எழுந்தது. தொல்காப்பியர் அழகென்றதை அவர் மொழியினரே வசையென்று ஆள்கின்றனர். தொல்காப்பியத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் புலவர் சிலரும் அவருள் அடங்குவர் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

சொல்லுக்கு இக்கேடு எங்கிருந்து வந்தது? நிலத்திலிருந்து வந்தது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் இராசராசன் தஞ்சைப் பெரியகோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு அக்கோயிற் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. கோயிற் பணிக்கென நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றிய செய்தியும் அங்குண்டு. அங்கே சேரி மதிப்புக்குரியது. அதே கோயிற் கல்வெட்டுகளில், வரியிறாத நிலங்களை எண்ணுமிடத்து, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் தனித்தனியே வருகின்றன. சிலவிடத்துத் 'தீண்டாச்சேரி' என்னும் சொல்லும் வருகின்றது. ஊர்நத்தம் ஒன்று; சேரி மற்றொன்று. உழுபவன் குடியிருப்பு ஊருக்குப் புறத்தே போடப்பட்டது முதல், சேரி என்னும் சொல்லும் ஊருக்குப் புறத்தே போடப்பட்டது. ஏனைய சேரிகளெல்லாம் தெரு, வீதி, அக்ரகாரம், நகர் என வேறு பெயர் பெற்று நழுவிக்கொண்டன. பெயர் மாற்றிக்கொள்ள வலியற்றவனிடத்தே அப்பழஞ்சொல் தங்கிவிட்டது.

இங்குப் பலரும் காணத் தவறுவது ஒன்றுண்டு. சேரி இழிந்தபோது ஊர் என்னும் சொல்லும் கெட்டது. 'ஊர்ப்பொதுக் கிணறு' என்றால் சேரிக்குப் பொதுவன்று. 'ஊர்க்கூட்டம்' என்றால் சேரியார்க்கு இருக்கையில்லை. முடிவைக் கேட்டுக்கொள்ள மட்டும் எட்ட நிற்கலாம். 'ஊர்க்கட்டுப்பாடு' என்றால் சேரியின்மேல் விழும் ஒறுப்பு. 'ஊர்த்தேர்' சேரிப்பக்கம் திரும்பாது. ஒரே சிற்றூர் எல்லைக்குள், ஒரே வருவாய்க் கணக்கில், ஒரே வாக்காளர் பட்டியலில் உள்ள மாந்தருள் ஒரு பகுதியார் 'ஊரார்'. மறுபகுதியார் ஊரார் அல்லர். எவ்வூரையும் தம்மூராகக் கொண்டதாகப் பெருமை பேசும் ஓர் இனத்தின் வழக்கு மொழியில் இப்பொருள் நிலைத்திருப்பது எத்துணை நாணத்தக்கது!

பெயர்ச்சொல்லோடு இது நிற்கவில்லை. வினைமுற்று வரை இறங்கியிருக்கின்றது. ஒருவரைப் பன்மையாற் கூறுவது உலக வழக்கில் வந்த உயர்வுச்சொல்லே, இலக்கண நெறிப்பட்ட சொல்லன்று என்று தொல்காப்பியம் தெளிவாக வரையறுக்கின்றது. கழகப் புலவர் வேந்தனை நேர்முன் நின்று 'நீ' என்றே விளித்தனர். அதியமானுக்கு ஔவையார் சொன்ன 'நீ'யில் மதிப்புக் குறையவில்லை. எல்லார்க்கும் 'நீ' என்றால் அது சமன்மை. எல்லார்க்கும் 'நீங்கள்' என்றாலும் சமன்மையே. பத்தகவைச் சிறுவன் எழுபதகவை உழவுத் தொழிலாளியை 'வாடா' என்றழைக்க, அம்முதியவர் அச்சிறுவனை 'வாங்க' என்று மறுமொழி கூறவேண்டியிருந்ததே, தஞ்சைப் பண்ணைகளில் நெடுங்காலம் நடந்த அந்த வழக்கில்தான் இலக்கணம் சவுக்காயிற்று. அங்கே அன்னீறும் அர்ரீறும் பால் காட்டவில்லை, எண் காட்டவில்லை, சாதி காட்டின. செய்தித்தாள்களிலும் கூலியாள் 'இறந்தான்' என்றும் செல்வர் 'காலமானார்' என்றும் எழுதும் பழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை. சாவிலும் ஈறு வேறு!

'குடிமகன்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. நாட்டின் முழுவுரிமை பெற்ற உறுப்பினனுக்கு இன்று அதுவே பெயர். அரசியலமைப்பின் தமிழாக்கத்தைப் படிக்கும் மாணவன் அவ்வாறே கற்கின்றான். ஆனால் அதே மாணவன் தன் சிற்றூருக்குத் திரும்பினால், முடிதிருத்தும் தொழிலரை மூத்தோர் 'குடிமகன்' என்று கூப்பிடுவதைக் கேட்பான். ஊரார் களத்தில் அளக்கும் கூலத்திற்குக் கைகட்டி நிற்பவர் என்பது அங்கு அதன் பொருள். அகரமுதலிகளும் இவ்விரு பொருளையும் அடுத்தடுத்து அமைதியாகப் பதிந்துள்ளன. நாட்டுக்கு உரியவன் என்பதும் ஊருக்கு ஊழியன் என்பதும் ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. எப்பொருள் வெல்லும் என்பதை அகரமுதலி முடிவு செய்யாது.

இவற்றையெல்லாம் ஆரியத்தின்மேல் ஏற்றிவிட்டு ஓய்ந்திருக்கலாம் என்று எண்ணுவோர் இவ்வியக்கத்தின் நண்பர்களுள்ளும் உளர். ஏற்றத்தக்கது பெரிது என்பதில் ஐயமில்லை. வருணக் கோட்பாடு கொண்டுவந்த சொற்கள் தமிழ்ச்சொற்களைக் கீழ்ப்படியில் உட்காரவைத்த கதை நெடியது. சோறு இழிவாயிற்று, 'சாதம்' உயர்வாயிற்று. நீர் பொதுவாயிற்று, 'தீர்த்தம்' தூய்மையாயிற்று. சோற்றை உண்டவன் உழைத்தவன் என்பதே அச்சொல் செய்த குற்றம். இன்று அச்சாதமும் நகர உணவகங்களில் 'ரைசு' ஆகிவிட்டது. ஏணி மேலும் ஒரு படி நீண்டிருக்கின்றது, அவ்வளவே. ஆயினும் உண்மையை மறைத்தல் அறிஞர்க்கு அழகன்று. 'இழிசினன்', 'இழிபிறப்பாளன்' என்னும் சொற்கள் புறநானூற்றிலேயே உள்ளன. இரண்டும் தூய தமிழே. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையன்றிச் சிறந்த குடி வேறில்லை என்று பாடிய மாங்குடி கிழார் பாட்டும் அதே தொகைநூலில் உள்ளதுதான். இரு வழக்கும் ஒரே மொழியில், ஒரே காலத்தில் இருந்தன. பின்வந்தோர் எதனைப் பெருக்கினர், எதனை மறந்தனர் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மாங்குடி கிழார் சிறந்த குடியென எண்ணிய பெயரொன்று ஆங்கிலத்திற்குப் போய், உலகெங்கும் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் பொதுச்சொல்லாய் ஆங்கில அகரமுதலிகளில் உட்கார்ந்துள்ளது. தமிழ் உலகுக்கு ஈந்த சொற்களென்று அரிசியையும் கட்டுமரத்தையும் பட்டியலிடுவோர் அதனைக் குறிக்காமல் தாண்டிவிடுவர்.

பெயரின் கொடுமையை முதலில் உணர்ந்தவர் அதனைச் சுமந்தவரே. அயோத்திதாசப் பண்டிதர் 'பறையர்' என்னும் பெயரே பகைவர் சூட்டியதென்று மறுத்து, ஒடுக்கப்பட்டோரே இந்நாட்டின் பழந்தமிழர் என்று நிறுவ வாழ்நாள் முழுதும் எழுதினார். 1907-இல் தாம் தொடங்கிய கிழமையிதழுக்குத் 'தமிழன்' என்றே பெயர் நிலைக்கச் செய்தார். திருக்குறள் ஏட்டுச் சுவடியை எல்லிசு துரைக்குக் கிடைக்கச் செய்தவர் தம் பாட்டனார் கந்தப்பனே என்றும் அவர் எழுதிவைத்துள்ளார். இரட்டைமலை சீனிவாசனாரோ 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழித்த பெயரை ஒளித்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் துணிவு. ஒருவர் பெயரைத் தள்ளினார்; ஒருவர் பெயரை நிமிர்த்தினார். இருவரும் உறவினர், இருவரும் ஒரே பகையை எதிர்த்தவர். எது சரி என்று இன்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. பெயரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை அதனைச் சுமப்பவர்க்கே உண்டு என்பதை மட்டும் இருவர் வாழ்வும் காட்டும்.

அவ்வுரிமையைப் பிறர் எடுத்துக்கொண்டபோது நேர்ந்ததற்குச் சான்று 'அரிசன்'. எம்.சி. இராசா சட்டமன்றத்திற் கேட்டுப் பெற்ற 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை 1922-இல் சென்னை அரசு ஏற்றது. அது கேட்டுப் பெற்றது. காந்தியார் 1930-களில் பரப்பிய 'அரிசன்' என்பதோ கேளாமல் தரப்பட்டது. 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அப்பெயரைச் சட்டத்தில் ஏற்ற முனைந்தபோது அம்பேத்கார் தம் கட்சியினரோடு வெளியேறினார். கடவுளின் மக்கள் என்றனர். கடவுளின் கோயிற் கதவோ சாத்தியே கிடந்தது. 1982-இல் சாதிச் சான்றிதழ்களில் அச்சொல்லை எழுதலாகாதென்று நடுவண் அரசே அறிவுறுத்த வேண்டியதாயிற்று.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஒரு பெயருண்டு. தகுதி வழக்கு மூன்றனுள் 'மங்கலம்' ஒன்று. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் அதற்கு எடுத்துக்காட்டு. நன்காடு என்று சொன்னதனால் அங்குப் பிணம் எரிவது நின்றுவிடவில்லை. சாதிக்கொரு நன்காடு இருப்பதும் ஒழியவில்லை! தோட்டி 'துப்புரவுப் பணியாளர்' ஆனார். பின் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். நல்ல சொற்கள், வேண்டிய மாற்றங்களே. கையால் மலம் அள்ளுதலைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் ஒரு சட்டமும் வந்தன. 2023 அக்தோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடைக் குழியில் இறப்பவர் குடும்பத்துக்குரிய இழப்பீட்டைப் பத்திலக்கத்தினின்று முப்பது இலக்கம் உருபாவாக உயர்த்தியது. இழப்பீடு உயர்த்தப்பட்டதென்றால் இறப்பு நிற்கவில்லை என்பது பொருள். 2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் ஒடுக்கப்பட்டோர் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அக்குடியிருப்பைச் செய்தித்தாள்கள் மிகவும் பண்பான சொற்களாலேயே குறித்தன.

இவ்வளவு கூறியதனால் பெயர்மாற்றம் வீண் என்று கொள்ளற்க. 1929-இல் செங்கற்பட்டுத் தன்மான மாநாட்டில் சாதிப்பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்த பின்னரே, பெயருக்குப் பின்னே வாலில்லாத தமிழர் தலைமுறை ஒன்று உருவாயிற்று. இந்திய நாட்டின் பிற பகுதிகளில் இன்றும் அஃது அரிது. 'திருநங்கை' என்னும் சொல் வழக்கிற்கு வந்தபின் பழைய வசைச்சொற்கள் மேடைகளினின்றும் ஏடுகளினின்றும் பின்வாங்கின. அச்சொல்லோடு 2008-இல் ஒரு நலவாரியமும் வந்தது என்பதைக் காண்க. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர்மேல் உடன்பயின்றோரே நடத்திய கொடுந்தாக்குதலுக்குப்பின் அமைக்கப்பட்ட நடுவர் சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குமாறு 2024-இல் பரிந்துரைத்தது. 'ஆதிதிராவிடர் நலப்பள்ளி' என்று மாற்றுச் சான்றிதழின் தலைப்பிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, சாதி கேட்கலாகாதென்று மாணவர்க்கு அறிவுரை கூறுவது யாது முறை? 2025 சூலையில் நலத்துறை விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றப்பட்டதும், அக்தோபரில் தெருக்கள், குடியிருப்புகள் ஆகியவற்றின் சாதிப்பெயர்களை நீக்க ஆணை வந்ததும் வேண்டத்தக்கனவே. அதே அக்தோபரில் கோவையில் திறக்கப்பட்ட மேம்பாலத்திற்கு அறிவியல் மேதை கோ.து. நாயுடு பெயர் வாலோடு சூட்டப்பட்டதைக் கண்டு மக்கள் நகைத்தனர், நகைத்ததில் தவறில்லை.

ஆனால் ஆவணத்தினின்று சொல்லை நீக்குவதில் ஒரு கண்ணி உண்டு. அதனை அரசும் அறியவேண்டும், ஆர்வலரும் அறியவேண்டும். செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரெமென்கீர் 1891-இல் ஒடுக்கப்பட்டோர் நிலையைப் பற்றி விடுத்த அறிக்கையின் பயனாக, 1892-இல் சென்னை மாகாண அரசு அவர்க்கு நிலம் வழங்க ஆணையிட்டது. முதற் பத்தாண்டுகள் அதனை விற்றலாகாது. அதன்பின் விற்பினும் அவ்வகுப்பார்க்கே விற்கவேண்டும். மீறின விற்பனை செல்லாது. 'பஞ்சமர்க்கு' வழங்கப்பட்டதால் அது பஞ்சமி நிலம் எனப்பட்டது. 'பஞ்சமர்' என்பது நால்வருணத்திற்கும் புறம்பானவர் என்னும் இழிசொல். 1922-இல் அதனை மக்கள் தலையினின்று இறக்கியாயிற்று. நிலத்தின்மேல் மட்டும் அப்பெயர் நின்றது. நிலமோ உரியவர் கையில் நிற்கவில்லை. பல்லாயிரம் ஏக்கர் பிறர்பாற் போயிற்று. அதனை மீட்கக் கேட்டு 1994 அக்தோபரில் செங்கற்பட்டுப் பகுதிக் காரணையில் நடந்த போராட்டத்தில் காவலர் சுட்டு இருவர் மாண்டனர்.

இன்று அந்நிலத்தை மீட்க முனைவோர்க்கு உள்ள ஒரே பிடி, பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டில் அளவை எண்ணுக்கு நேரே எழுதப்பட்டுள்ள அவ்விழிசொல்லே. அது அழிந்தால், அந்நிலம் யாருடையது என்பதற்குச் சான்று அழியும். பலகையில் உள்ள 'காலனி'யை இன்றே பெயர்த்தெறிக. பள்ளி முகப்பிலும் பேருந்து நிறுத்தத்திலும் உள்ளதைத் துடைத்தெறிக. அவ்விடத்துக்கு என்ன பெயர் வேண்டுமென்று அங்கு வாழ்வோரைக் கேட்டு எழுதுக. நிலப் பதிவேட்டில் கைவைக்குமுன் மட்டும், ஒவ்வோர் ஊரிலும் பஞ்சமி என்று குறிக்கப்பட்ட அளவை எண்கள் எவை, இன்று அவை யார் பெயரில் உள்ளன என்னும் பட்டியலை அரசு அச்சிட்டு வெளியிடட்டும். அப்பட்டியலை ஊரின் நடுவே ஒட்டட்டும், சேரியிலும் ஒட்டட்டும்.